நால்வர், ஒரு நிரல், ஆறரை மணிக்குப் பூட்டப்படும் விடுதிக் கதவு

2019ஆம் ஆண்டு ஜனவரியில், நாங்கள் மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் நுழைந்த வாரத்தில், மென்பொருள் பொறியியல் பாடம் எடுத்த ஆசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு நான்கு பேராகப் பெயர் வாசித்தார். பதிவெண் வரிசைதான் கணக்கு. யாருக்கு யாரோடு ஒத்துப்போகும், யாருக்கு நிரல் எழுத வரும், யார் எங்கிருந்து வந்து போகிறார் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்துபோகும் நான், பெண்கள் விடுதியில் தங்கியிருந்த ஒரு தோழி, ஆண்கள் விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் இருந்த இரண்டு பையன்கள் என எங்கள் குழு அமைந்தது. ஏப்ரலில் நடக்கும் செய்முறைத் தேர்வுக்குள் ஓடுகிற மென்பொருள் ஒன்றைக் காட்ட வேண்டும். இடையில் இரண்டு ரிவியூ. கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் எழவில்லை. விடுதி மெஸ்ஸில் முட்டை, கோழி போன்ற கூடுதல் உணவு வேண்டுமென்றால் முந்தைய நாளே டோக்கன் வாங்க வேண்டும் என்பதும், அந்த வரிசையில் நின்று மாலை நேரம் போய்விடுகிறது என்பதும் விடுதிக்காரர்கள் மூவரின் பொதுக்குறை. ஆகவே டோக்கனைக் கணினியில் முன்பதிவு செய்யும் ஒரு மென்பொருள் என்று முடிவாயிற்று. நிரல் எழுதப் பைத்தான் மொழி, அதில் இணையப் பக்கங்களை இயக்க ஃபிளாஸ்க் என்ற கருவி, தகவல்களைச் சேமிக்க மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம். தரவுத்தளம் எனக்கு, மாணவர் பார்க்கும் பக்கங்கள் தோழிக்கு, இரண்டுக்கும் நடுவில் கோரிக்கைகளை வாங்கிப் பதில் அனுப்பும் சர்வர் பகுதி பையன்கள் இருவருக்கும் என்று பத்தே நிமிடத்தில் பிரித்துக்கொண்டு, வேலை பாதி முடிந்ததுபோன்ற நிம்மதியோடு கலைந்தோம்.

அன்று நாங்கள் கேட்டுக்கொள்ளாமல் விட்ட கேள்வி, நான்கு பேரும் சேர்ந்து எப்போது உட்கார முடியும் என்பது. என் பேருந்து 4.40க்குப் புறப்பட்டுவிடும்; வீடு சேர ஆறாகும். பெண்கள் விடுதியின் கதவு மாலை ஆறரைக்குப் பூட்டப்படும். இரவு பத்துக்கு மேல் கைப்பேசிகளை வார்டன் அறையில் ஒப்படைத்துவிட வேண்டும். பையன்களோ இரவுச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்குமேல்தான் மடிக்கணினியைத் திறப்பார்கள். அவர்களுடைய விடுதியில் யாரும் எதையும் வாங்கி வைப்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் அது வேறு கட்டுரை. இங்கே சொல்ல வேண்டியது, நால்வருக்கும் பொதுவாக மிஞ்சியவை மதிய உணவு இடைவேளையின் நாற்பது நிமிடமும் வாரம் ஒருமுறை வரும் லேப் வகுப்பும் மட்டுமே என்பதுதான். நடைமுறையில் பையன்கள் இருவரும் இரவில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நானும் தோழியும் பகலில் பேசிக்கொண்டோம். இந்த இரண்டு பேச்சுகளும் சந்திக்கும் இடம் ஒரு வாட்ஸ்அப் குழுவாக மட்டுமே இருந்தது. அதில் வேலையைப் பற்றிய செய்தி ஒன்று வந்தால் அதன் தலையில் பத்து மீம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மெல்வின் கான்வே என்ற அமெரிக்கர் 1968இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஓர் அமைப்பை வடிவமைப்பவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அந்தப் பேச்சின் வடிவமே அவர்கள் உருவாக்கும் பொருளிலும் படியும் என்று வாதிட்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு கழிந்தபின் அதைப் படித்தபோது, ஏதோ எங்கள் டோக்கன் மென்பொருளைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. அந்த மென்பொருளில் விழுந்த பெரிய ஓட்டைகள் எல்லாம் எங்கள் பேச்சு அறுந்திருந்த இடங்களிலேயே விழுந்திருந்தன.

முதல் ஓட்டைக்கு நானே காரணம். தரவுத்தள அட்டவணைகளை மூன்றாம் இயல்பு வடிவத்துக்கு, அதாவது ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராத வடிவத்துக்கு, கொண்டுவராமல் யாரிடமும் காட்டுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். மாணவர், அறை, உணவு, விலை, டோக்கன் என்று பிரித்து, மறுபடி சேர்த்து, மறுபடி பிரித்து மூன்று வாரம் ஓட்டினேன். இதற்கிடையில் பையன்களில் ஒருவன் எதுவுமே செய்யவில்லை என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்துகொண்டே போனது. வகுப்பில் சிரித்துப் பேசுகிறான், கைப்பந்து ஆடப் போகிறான், நிரலைப் பற்றிக் கேட்டால் "பாத்துக்கலாம்" என்கிறான். இவனுக்கும் சேர்த்து நாம்தான் உழைக்கப் போகிறோம் என்று தோழியிடம் புலம்பினேன். முதல் ரிவியூவுக்கு முந்தைய நாள் கோபத்தோடு நேரே கேட்டபோது, அவன் சற்றும் குரலை உயர்த்தாமல், "நீ டேபிள் குடுத்தாதானே நான் எழுத முடியும்? மூணு வாரமா அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்" என்றான். எனக்குப் பதில் இல்லை. அவன் அதை ஏன் முன்பே கேட்கவில்லை என்று பிறகு சமாதானம் தேடிக்கொண்டேன். ஆனால் நான் ஏன் முன்பே சொல்லவில்லை என்பதும் அதே எடையுள்ள கேள்விதான்.

குழுவில் ஒருவர் வேலை செய்யவில்லை என்று தோன்றும்போது, அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசுவதற்கு முன்னால், அவருடைய வேலை யாருடைய வேலைக்காகக் காத்திருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. நான் பார்த்தவரையில் பாதிப் பேர் காத்திருப்பவர்கள். மீதிப் பாதியில் உண்மையான சோம்பேறிகளும் உண்டு, அதை மறுக்கவில்லை. பக்கத்துக் குழுவில் ஒருவன் வைவா நாளில்தான் தலைப்பையே தெரிந்துகொண்டான். ஆனால் காத்திருப்பவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிட்டால், அவர் கொஞ்ச நாளில் உண்மையிலேயே அப்படி ஆகிவிடுகிறார். நான் அன்று இரவே, அரைகுறையாக இருந்த அட்டவணைகளை ஐந்தைந்து போலிப் பதிவுகளோடு அப்படியே அனுப்பினேன். அவற்றில் இரண்டு பின்னர் மாறின. அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. முழுமையாகாத ஒன்றை முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டால் மற்றவர்கள் அதன்மேல் நின்று வேலை செய்யலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிப்ரவரியில் நிரல் கோப்புகள் ஜிப் வடிவில் வாட்ஸ்அப்பிலும் பென் டிரைவிலும் உலாவின. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் ஒரிஜினல்" என்று மூன்று ஜிப்கள் ஒரே வாரத்தில் வந்தபோது எது கடைசி என்று அனுப்பியவனுக்கே தெரியவில்லை. நான்காம் ஆண்டு அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு மதிய இடைவேளையில் எங்களுக்குக் கிட் சொல்லிக்கொடுத்தார். நிரலில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாற்றைச் சேமித்து, பலர் எழுதியதை ஒன்றுசேர்க்க, லினக்ஸ் இயங்குதளக் கருவின் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கருவி அது. முகம் பார்க்காத பல்லாயிரம் பேர் ஒரே நிரலில் கை வைக்கும் வேலைக்கு அது போதுமென்றால் நான்கு பேருக்குப் போதாதா என்றார். செய்த மாற்றத்தைப் பதிய கமிட், மற்றவர்கள் அனுப்பியதை வாங்கிக்கொள்ள புல், நம்முடையதைப் பொது இடத்துக்கு அனுப்ப புஷ் என்ற மூன்று கட்டளைகளை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு கிளம்பினோம். இருவர் ஒரே இடத்தை வேறு வேறாக மாற்றி முரண்பாடு வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் முன் மணி அடித்துவிட்டது.

அந்த மிச்சப் பாடம் ஒரு வாரத்தில் தானாக வந்தது. இரவு ஒரு மணிக்குப் பையன்களில் ஒருவன் தன் வேலையைப் புஷ் செய்ய முயன்றிருக்கிறான். நாங்கள் பகலில் அனுப்பியவை அவனிடம் இல்லாததால், நால்வரின் நிரலும் பொதுவாக இருந்த கிட்ஹப் தளம் அதை ஏற்க மறுத்திருக்கிறது. அவன் இணையத்தில் தேடி, யாரோ எங்கேயோ சொன்னதை நம்பி, அங்கே இருப்பதை நீக்கிவிட்டு வலுக்கட்டாயமாகப் புஷ் செய்யும் வழியைக் கண்டுபிடித்துவிட்டான். காலையில் திறந்து பார்த்தபோது நானும் தோழியும் மூன்று நாட்களாக எழுதியவை கிட்ஹப்பில் இல்லை. பேருந்திலிருந்து இறங்கும்போதே எனக்குக் கை நடுங்கியது. நல்லவேளையாகக் கிட்டின் வழக்கப்படி ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். தோழி எழுதியதை நான் முந்தைய நாள்தான் புல் செய்திருந்ததால் இருவருடையதும் என் மடிக்கணினியில் பத்திரமாக இருந்தன. அவற்றை அவனுடைய வேலையோடு சேர்க்க முயன்றபோதுதான், ஏழு சிறுகுறிகளும் (<) ஏழு சமக்குறிகளும் (=) ஏழு பெருகுறிகளுமாக (>) கோப்பின் நடுவே கிட் கோடு கிழித்து வைத்திருப்பதை முதன்முறையாகக் கண்டோம். மேலே ஒருவர் எழுதியது, கீழே மற்றவர் எழுதியது, எது வேண்டுமென்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்பதே அதன் பொருள். கருவி அதைச் செய்யாது, செய்யவும் கூடாது. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசித்தான் அந்தக் கோடுகளை நீக்க முடியும். அன்று மதியம் அவனும் நானும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்தோம். பருவம் தொடங்கி ஒன்றரை மாதத்தில் நாங்கள் நிரலைப் பற்றிப் பேசிய மிக நீண்ட நேரம் அதுதான்.

அதன்பின் சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம். வலுக்கட்டாயப் புஷ் யாருக்கும் கிடையாது. வேலையைத் தொடங்கும் முன் புல். ஒரு கமிட்டில் ஒரு மாற்றம். அதன் குறிப்பில் "அப்டேட்" என்று எழுதாமல் என்ன மாறியது என்று எழுதுவது. ஆளுக்கொரு கிளையில், அதாவது நிரலின் தனிப் பிரதியில், வேலை செய்து, இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது முதன்மைக் கிளையில் சேர்ப்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் நாங்கள் அடிக்கடி மீறினோம், அதற்கான விலையையும் கொடுத்தோம்.

மார்ச் முதல் வாரத்தில் நால்வரின் பகுதிகளும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்தன. லாகின் ஆனது, டோக்கன் பதிவானது, "என் டோக்கன்கள்" பக்கத்தில் சரியான தேதியும் தெரிந்தது. ஆனால் மெஸ் மேலாளர் பார்க்க வேண்டிய பக்கத்தில், நாளைக்கு எத்தனை முட்டை என்ற இடத்தில் எப்போது பார்த்தாலும் சுழியம். தரவுத்தளத்திலிருந்து எண்ணிக்கை எடுக்கும் வினவலை எழுதியவள் நான் என்பதால் குற்றம் என்னுடையது என்று எல்லோரும், நானும்கூட, முடிவு செய்தோம். இரண்டு நாள் அந்த எட்டு வரிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அவற்றில் தவறு இல்லை.

இந்த நேரத்தில் ஆசிரியை எங்கள் குழுவில் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்தார். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர், அதிகம் பேசாதவர், அவர் இருந்த குழு ஏதோ காரணத்தால் கலைந்துவிட்டது. தாமதமாகிக்கொண்டிருக்கும் மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியதை நாங்கள் இரண்டு மதிப்பெண் வினாவாகப் படித்திருந்தோம். ஐபிஎம்மின் சிஸ்டம் 360 கணினிகளுக்கான இயங்குதள வேலையை நடத்தி, பட்டுத் தெளிந்தவர் அவர். கணக்கும் எளிது: நால்வர் என்றால் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் ஆறு, ஐந்தாமவர் வந்தால் பத்து. ஆறையே கட்டி மேய்க்கத் தெரியாதவர்களுக்குப் பத்து எதற்கு என்ற எரிச்சல் எனக்கு இருந்தது. நிரலை அவருக்கு விளக்க நேரமில்லை என்று சொல்லி, "சும்மா பயன்படுத்திப் பாருங்க, தப்பு வந்தா சொல்லுங்க" என்று ஒரு லாகினைக் கொடுத்துக் கழற்றிவிட்டோம். மரியாதைக் குறைவான வரவேற்புதான்.

அவர் அன்று மாலையே, "இருபத்தஞ்சாம் தேதிக்குப் போட்டேன், எரர் வருது" என்றார். நாங்கள் நால்வரும் அதுவரை சோதித்த ஒவ்வொரு முறையும் நாளைய தேதியையே கொடுத்திருந்தோம். அந்த வாரம் எல்லா நாளும் பன்னிரண்டுக்கு உட்பட்டவை. தோழியின் பக்கம் நம் ஊர் வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தேதியை அனுப்பியது. பையன்கள் இணையத்திலிருந்து எடுத்த மாதிரி நிரல், அமெரிக்க வழக்கப்படி மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் அதை வாசித்தது. மார்ச் 8ஆம் தேதிக்குப் போட்ட டோக்கன் ஆகஸ்ட் 3ஆம் தேதிக்குப் பதிவாகி, திரும்ப எடுக்கும்போது அதே தலைகீழ் வரிசையில் வெளிவந்து, திரையில் மார்ச் 8 போலவே காட்சியளித்திருக்கிறது. மேலாளர் பக்கம் மட்டும் கணினியின் உண்மையான தேதியை எடுத்துக்கொண்டு தேடியதால் அங்கே சுழியம். இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால்தான் பைத்தான் முதன்முறையாக வாய்விட்டுக் கத்தியது. அதுவரை தவறு மௌனமாக எங்களோடு குடியிருந்திருக்கிறது.

அந்தப் பிழை இருந்த இடம் பெண்களின் பக்கமும் அல்ல, பையன்களின் பக்கமும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருந்தது. இருவர் எழுதியதும் தனித்தனியே சரி. நடுவில் என்ன கைமாறுகிறது என்று இருவரும் ஒருமுறைகூடப் பேசவில்லை என்பதே பிழை. வேடிக்கை என்னவென்றால், இதைக் கேட்பதற்கென்றே ஓர் ஆவணம் எங்களிடம் இருந்தது. தேவைகளை விவரிக்கும் அந்த எஸ்ஆர்எஸ் ஆவணத்தை, ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த 830 என்ற வடிவில் எழுத வேண்டும். அதில் மென்பொருள் வெளியே இருப்பவற்றோடு எதை எப்படிக் கைமாற்றிக்கொள்கிறது என்பதற்கு, புற இடைமுகங்கள் என்று ஒரு பகுதியே உண்டு. நாங்கள் அதை மூத்த மாணவர் ஒருவருடைய ரெக்கார்டைப் பார்த்து ஓர் இரவில் நிரப்பியிருந்தோம்; "நூலக உறுப்பினர்" என்ற சொல் எங்கள் மெஸ் ஆவணத்தில் இரண்டு இடங்களில் அப்படியே இருந்தது. ஆவணம் எழுதுவது வீண்வேலை என்று மாணவர்கள் சொல்வதை நான் இப்போது ஏற்பதில்லை. யாரும் படிக்கப் போவதில்லை என்று எழுதப்படும் ஆவணம்தான் வீண்.

நாங்கள் அதற்குப் பதிலாக ஒரே ஒரு நோட்டுத் தாளை வைத்துக்கொண்டோம். பக்கம் சர்வருக்கு என்ன அனுப்புகிறது, சர்வர் பதிலாக என்ன தருகிறது, ஒவ்வொன்றின் பெயர், வடிவம், உண்மையான எடுத்துக்காட்டு ஒன்று. அவ்வளவே அதில் இருந்தது. எல்லாத் தேதிகளும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே கைமாறும் என்பது முதல் வரி. மைஎஸ்கியூஎல்லும் அதே வரிசையைத்தான் விரும்பும். எடுத்துக்காட்டுத் தேதியாக 2019-03-25 என்று எழுதினோம், பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாள் வேண்டுமென்று வேண்டுமென்றே. தாளை மாற்ற வேண்டுமானால் மதிய இடைவேளையில் எல்லோர் முன்னிலையிலும் பேனாவால் அடித்து மாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். ஐந்தாமவர் அந்தத் தாளைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். நிரலில் அவர் எழுதியது மொத்தம் நாற்பது வரிகூட இருக்காது; ஆனால் எங்களில் அந்த மென்பொருளை முழுதாக அறிந்தவர் அவர் ஒருவரே. புரூக்ஸ் சொன்னது எங்கள் விஷயத்தில் பொய்யாகவில்லை, வேலை வேகம் பெறவும் இல்லை. தாமதமாக வருபவருக்கு நிரல் எழுதும் வேலையைத் தவிர வேறு வேலை உண்டு என்பதை மட்டும் கற்றுக்கொண்டோம்.

இனி எழுதப்போவது எனக்குச் சொல்லக் கூச்சமான பகுதி. மார்ச் கடைசி வாரத்தில், இரண்டாம் ரிவியூவுக்கு முந்தைய இரவு, வீட்டில் உட்கார்ந்து மென்பொருளை ஓட்டிப் பார்த்தபோது தோழியின் முன்பதிவுப் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அது வேலை செய்தது. ஆனால் கைப்பேசித் திரையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, ஒரே நிரல் மூன்று இடங்களில் திரும்ப வந்தது. மணி பத்தரை. அவளுடைய கைப்பேசி வார்டன் அறையில் இருந்திருக்கும். நான் யாரையும் கேட்காமல் அந்தப் பக்கத்தை முழுவதுமாக அழித்துவிட்டு, என் பாணியில், கொடுக்கப்படும் தகவல் சரியா என்று பார்க்கும் சோதனைகளைத் தனிக் கோப்புக்கு மாற்றி, அதிகாலை மூன்று மணி வரை உட்கார்ந்து மீண்டும் எழுதினேன். குழுவுக்காகத் தூக்கத்தைத் தியாகம் செய்கிறேன் என்ற பெருமிதம் வேறு. மறுநாள் ரிவியூவில் ஆசிரியை பக்கத்தைப் பாராட்டினார். தோழி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் மூன்று வாரத்தில் அவள் பெயரில் ஒரு கமிட்கூட வரவில்லை. தேர்வு நெருங்குகிறது, படிக்கிறாள்போல என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு லேப் கணினியில் மென்பொருளை நிறுவிப் பார்க்க வேண்டும் என்று ஐந்தாமவர் வற்புறுத்தினார். எங்கள் மடிக்கணினிகள் எல்லாம் விண்டோஸ், லேப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை. நிறுவியவுடன் அட்டவணையே இல்லை என்று பிழை வந்தது. விண்டோஸில் மைஎஸ்கியூஎல் அட்டவணைப் பெயரின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். லினக்ஸில் இரண்டும் வேறு வேறு. நான் பெரிய எழுத்தில் தொடங்கி வைத்த பெயர்களைப் பையன்கள் சிறிய எழுத்தில் அழைத்திருந்தார்கள். அரை மணி நேர வேலை. அதே அரை மணி தேர்வு நாளில் வந்திருந்தால் நாங்கள் தொலைந்திருப்போம். அன்று வேறொரு குழு அப்படித்தான் தொலைந்தது, "என் லேப்டாப்பில் ஓடுச்சு சார்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே.

வைவாவில் வெளித்தேர்வாளர் குழுவை ஒட்டுமொத்தமாக எதுவும் கேட்கவில்லை. உன் பகுதி எது என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லி, அங்கேயே சிறிய மாற்றம் ஒன்றைச் செய்யச் சொன்னார். பையன்கள் சமாளித்தார்கள். தோழி, முன்பதிவுப் பக்கம் என்னுடையது என்றாள். முடிந்துபோன தேதியைக் கொடுத்தால் ஏற்காதபடி ஒரு சோதனை சேர்க்கச் சொன்னார். அவள் எழுதிய பக்கமாக இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. எந்த வரிக்குக் கீழே எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இப்போதோ அந்தப் பக்கத்தில் சோதனைகளே இல்லை. நான் அவற்றை வேறு கோப்பில் வைத்திருந்தேன். அவள் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தாள். தேர்வாளர் பொறுமையாகத்தான் காத்திருந்தார். பிறகு, "நீங்க எழுதலையாம்மா?" என்று கேட்டார். அவள் நான்தான் மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது மௌனம்தான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

மாலையில் விடுதிப் படிக்கட்டில், கதவு பூட்டப்படுவதற்குச் சற்று முன், மன்னிப்புக் கேட்கப் போனேன். அன்று பேருந்தை விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் போய்க்கொள்ளலாம் என்று நின்றிருந்தேன். "எனக்கு வராதுன்னு நெனச்சிட்டியாடி? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டாள். நேரமில்லாமல் செய்துவிட்டேன் என்று நான் சொன்ன விளக்கம் எனக்கே பிடிக்கவில்லை. கிட்டில் யாருடைய பெயரில் எத்தனை கமிட் என்று பார்த்தால் என் பெயரே முதலில் நிற்கும். ஆசிரியர்கள் சிலர் அந்தக் கணக்கை வைத்து உழைப்பை அளக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. என் எண்ணிக்கையில் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு அடுத்தவர் வேலையை அழித்தது என்பதை அந்தப் பட்டியல் காட்டுவதில்லை. இன்னொருவருடைய கோப்பில் குறை கண்டால், அதைச் சொல்ல விடியும்வரை காத்திருக்கலாம். அல்லது அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசைப்பலகையை அவர் கையிலேயே விட்டுவிட்டுச் சொல்லலாம். பக்கம் சற்று அழகு குறைந்திருந்தாலும், அதை எழுதியவருக்கு அதன் ஒவ்வொரு வரியும் தெரிந்திருப்பது மாணவர் வேலையில் முக்கியம். வேலைக்குப் போன இடத்திலும் இது பெரிதாக மாறிவிடவில்லை. அங்கே ஒருவர் நிரலை மற்றவர் பார்த்து ஒப்புதல் தந்த பின்பே அது முதன்மைக் கிளைக்குள் நுழையும், கருத்துகளைச் சொல்லலாம், ஆனால் திருத்துவது எழுதியவர்தான்.

சிக்கல் முற்றும் முன் ஆசிரியையிடம் போயிருக்கலாமா என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். போயிருக்கலாம். "அவன் வேலை செய்யவில்லை மேடம்" என்று போயிருந்தால் சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பியிருப்பார். "எங்கள் நால்வருக்கும் பொதுவான நேரம் நாற்பது நிமிடம்தான் இருக்கிறது, லேப் வகுப்பில் ஒரு மணி நேரம் எங்களுக்கு ஒதுக்கித் தர முடியுமா" என்று ஜனவரியிலேயே போயிருந்தால் அனேகமாகத் தந்திருப்பார். இரண்டாம் ரிவியூவுக்குப் பின் பக்கத்துக் குழு அப்படிக் கேட்டு வாங்கியது.

அந்த ஜூலையில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் விருப்பப்படி குழு சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். தோழி என்னோடு சேர ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளே வந்து கேட்டாள், ஐந்தாமவரையும் கூட்டிக்கொண்டு. மூவரும் கேண்டீனில் உட்கார்ந்தோம். தலைப்பு என்ன வைக்கலாம் என்று நான் தொடங்கியபோது அவள் என் நோட்டை இழுத்து, காலியான பக்கத்தில் கோடு கிழித்து மூன்று கட்டங்களாக்கினாள். முதல் கட்டத்தில் "பஸ் 4.40" என்றும், இரண்டாவதில் "கேட் 6.30, போன் 10" என்றும் எழுதிவிட்டு, பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.